அயர்லாந்தின் பழைய தேர்தல் சுவரொட்டிகளும் துண்டறிக்கைகளும்: எதைச் சேகரிப்பது, எப்படிப் படிப்பது

டப்ளினில் பழைய வீடொன்றை வாங்கிய நண்பர் ஒருவருக்கு, அதன் பரணில் 1960களின் தேர்தல் துண்டறிக்கைகள் சில கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பார்த்ததிலிருந்து அயர்லாந்தின் பழைய தேர்தல் சுவரொட்டிகளையும் பிரசுரங்களையும் முறையாகச் சேகரிக்க வேண்டும் என்ற ஆசை தமக்கு வந்துவிட்டதாக எழுதி, மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். எதில் தொடங்குவது? கைக்கு வரும் தாளின் காலத்தை எப்படிக் கணிப்பது? கெடாமல் எப்படி வைத்துக்கொள்வது?

முதல் கேள்விக்கு என் விடை சற்று ஏமாற்றம் தரக்கூடும். சுவரொட்டியை இப்போதைக்கு விட்டுவிட்டுத் துண்டறிக்கையில் தொடங்குங்கள். அதிலும் ஏதேனும் ஒரு தொகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்சி நாடு முழுவதற்கும் எப்படிக் காட்சி தர விரும்பியது என்பதைச் சுவரொட்டி சொல்லும். அதே கட்சி குறிப்பிட்ட ஒரு தெருவில் குடியிருந்தவர்களிடம் காதோடு காதாக என்ன சொன்னது என்பதைத் துண்டறிக்கைதான் சொல்லும். புகழ்பெற்ற சுவரொட்டிகள் டப்ளினில் உள்ள தேசிய நூலகத்தில் இருக்கின்றன, நூல்களில் மறுபடி மறுபடி அச்சாகியிருக்கின்றன, ஏலத்துக்கு வந்தால் விலையும் எட்டாத உயரத்துக்குப் போகின்றன. கதவிடுக்கில் செருகப்பட்டு மறுநாளே அடுப்புக்குப் போன அரைத்தாள் அறிக்கைகளோ பல தேர்தல்களுக்கு எங்குமே இல்லை.

இருந்தாலும் சுவரொட்டிகளை அறியாமல் துண்டறிக்கைகளைப் படிக்க முடியாது. ஆகவே சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1917 மே மாதம் லாங்ஃபோர்ட் தெற்குத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில், 1916இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக வெடித்த ஈஸ்டர் எழுச்சியில் பங்குகொண்டதற்காக இங்கிலாந்தின் லூயிஸ் சிறையில் அடைபட்டிருந்த ஜோசப் மெகின்னஸ் என்பவரை, விடுதலை கோரிய சின் ஃபெயின் கட்சி நிறுத்தியது. சிறையுடையில் நிற்கும் ஒரு மனிதனின் படத்தை வரைந்து, ‘அவரை உள்ளே அனுப்புங்கள், வெளியே கொண்டுவருவதற்காக’ என்ற பொருளில் ஒரே ஒரு வரியை அதன் கீழே அச்சிட்டார்கள். நாடாளுமன்றத்தின் உள்ளே அனுப்பினால் சிறைக்கு வெளியே வந்துவிடுவார் என்பது அதன் சாதுரியம். மறு எண்ணிக்கையின் முடிவில் அவர் 1,498 வாக்குகளும் எதிராளி 1,461 வாக்குகளும் பெற்றிருந்தார்கள். வித்தியாசம் வெறும் 37. இந்த வெற்றியைப் பேசுபவர்கள் எல்லோரும் அந்தச் சுவரொட்டியைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் டப்ளின் பேராயர் வால்ஷ் நாட்டுப் பிரிவினைக்கு (எதிராளியின் கட்சி அதற்கு இணங்கிவிட்டது என்ற குற்றச்சாட்டு இருந்தது) எதிராக எழுதிய கடிதமொன்று மாலை நாளிதழில் வெளியாகி, சின் ஃபெயின்காரர்களால் உடனடியாகத் துண்டறிக்கையாக அச்சிடப்பட்டு லாங்ஃபோர்டில் விநியோகிக்கப்பட்டது. 37 வாக்குகளைச் சாய்த்தது சிறையுடைப் படமா, பேராயரின் கடிதமா என்பதை இனி யாரும் அறுதியிட முடியாது. என் கணிப்பு கடிதத்தின் பக்கம் சாய்கிறது. படத்தை மக்கள் பல நாட்களாகப் பார்த்துப் பழகியிருந்தார்கள், கடிதமோ வாக்களிக்கப் புறப்படும் வேளையில் கைக்கு வந்தது. பரபரப்பு எதுவும் இல்லாத, வெறும் எழுத்தாக இருக்கும் அந்தத் தாள் ஓர் ஏலப் பட்டியலில் வந்தால் கண்டுகொள்வோர் குறைவு.

1918 டிசம்பர் பொதுத்தேர்தலில், 105 இடங்களில் 73ஐச் சின் ஃபெயின் வென்றபோது, அதன் தேர்தல் அறிக்கையைப் பிரிட்டிஷ் தணிக்கை அதிகாரிகள் வெட்டித்தள்ளியிருந்தார்கள். ஆகவே நாளிதழ்களில் வந்த குறைப்பிரதி வேறு, வெட்டுப்படாத முழுப்பிரதி வேறு. இரண்டில் எது நம் கையில் இருக்கிறது என்று பத்திகளை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தக் காலத்துத் தாள்களைச் சேகரிப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை. அக்காலச் சின் ஃபெயின் பிரசுரங்களின் அடியில் டப்ளின் யார்ன்ஹால் தெரு பேட்ரிக் மஹன் அச்சகத்தின் பெயரை அடிக்கடி காணலாம்.

சுவரொட்டிக் கலையில் உச்சம் என்று நான் கருதுவது 1932 பிப்ரவரித் தேர்தல். ஆளுங்கட்சியாக இருந்த குமன் ந கேல், 1927 செப்டம்பர் தேர்தலிலேயே ஓ’கென்னடி பிரின்ட்லி என்ற விளம்பர நிறுவனத்தின் உதவியை நாடியிருந்தது; ஐந்தாண்டுக்குப் பின் அதன் தாள்களில் அந்தத் தொழில் நேர்த்தி முற்றிலும் தெரிந்தது. ‘துப்பாக்கிக்காரனின் நிழல்: உங்கள் வீட்டில் அது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு சுவரொட்டி மிரட்டியது. தேசியக் கொடியில் கம்யூனிசச் சிவப்பு ஏறிவிடும் என்று இன்னொன்று எச்சரித்தது. மூன்றாவது, சர்க்கஸ் விளம்பரத்தையே அப்படியே நையாண்டி செய்தது. ‘டெவியின் சர்க்கஸ்’ என்று தலைப்பிட்டு, எதிர்க்கட்சித் தலைவர் டி வலேராவை ‘சின்யோர் டி வலேரா, உலகப் புகழ்பெற்ற மாயவித்தைக்காரர், சத்தியத்தை விழுங்குபவர்’ என்று அறிமுகம் செய்தது. ‘சின்யோர்’ என்பது அவருடைய தந்தைவழி ஸ்பானியத் தொடர்பைக் குத்திக்காட்டும் சொல். சத்தியம் என்பது டாயில் எனப்படும் கீழவையின் உறுப்பினர்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு எடுக்க வேண்டியிருந்த விசுவாசப் பிரமாணம். அதை எடுக்கவே மாட்டேன் என்று ஆண்டுக்கணக்கில் வெளியே நின்ற டி வலேராவும் அவருடைய ஃபியனா ஃபால் கட்சியினரும், 1927 ஆகஸ்டில் ‘இது வெற்றுச் சடங்கு’ என்று சொல்லிக் கையெழுத்திட்டு அவைக்குள் நுழைந்தார்கள். இந்தப் பின்னணி தெரியாவிட்டால் ‘விழுங்குபவர்’ என்ற சொல்லின் சுருக்கே தெரியாது. இத்தனை கெட்டிக்காரத்தனமும் வாக்காகவில்லை என்பதுதான் வேடிக்கை. ஃபியனா ஃபால் 72 இடங்களையும் குமன் ந கேல் 57 இடங்களையும் பெற்றன. அடுத்த மாதமே ஆட்சி கைமாறியது.

பிற்காலத்தில் ஒரு சுவரொட்டி தன் கட்சிக்கே தூக்குக்கயிறாக மாறிய கதையும் உண்டு. 1987 தேர்தலில் ஃபியனா ஃபால், ‘மருத்துவச் செலவுக் குறைப்பு முதியோரையும் நோயாளிகளையும் ஊனமுற்றோரையும் வதைக்கிறது’ என்ற பொருள்பட நாடெங்கும் ஒட்டியது. ஆட்சிக்கு வந்ததும் அதே கட்சி மருத்துவமனைச் செலவுகளைக் கடுமையாக வெட்டியது. அதன் விளைவை அடுத்த தேர்தலின் துண்டறிக்கைகளில்தான் தேட வேண்டும். 1989இல் ராஸ்காமன் தொகுதியில், உள்ளூர் மருத்துவமனையைக் காப்பாற்றும் இயக்கத்தின் சார்பில் நின்ற டாம் ஃபாக்ஸ் என்ற சுயேச்சை வென்று டாயிலுக்குப் போனார். 1987 சுவரொட்டியும் 1989இன் ராஸ்காமன் துண்டறிக்கையும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருந்தால், ஒன்று மற்றதற்கு விளக்கவுரையாகிவிடும். இதைப் போலவே 1997இல் டொனகல் தென்மேற்கில் டாம் கில்டே என்பவர், பிரிட்டிஷ் தொலைக்காட்சி அலைவரிசைகளை மலைப்பகுதி வீடுகளுக்குத் திருப்பி அனுப்பும் மறு ஒளிபரப்புக் கருவிகளை மூடக்கூடாது என்ற ஒற்றைக் கோரிக்கையை வைத்தே வென்றார். இப்படிப்பட்ட ஒற்றைப் பிரச்சினை வேட்பாளர்களின் தாள்களை எந்தக் கட்சி அலுவலகமும் பாதுகாக்காது. அவற்றை நாமாகத் தேடினால்தான் உண்டு.

இனி, துண்டறிக்கைகளைத்தான் முதலில் சேர்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் முக்கியக் காரணத்துக்கு வருகிறேன். அது அயர்லாந்தின் வாக்களிக்கும் முறை. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் பலர் தேர்ந்தெடுக்கப்படுவார்கள்; இன்று மூவர் முதல் ஐவர் வரை, 1923 முதல் 1937 வரையிலான கால்வே தொகுதியிலோ ஒன்பது பேர். வாக்காளர் தம் விருப்ப வரிசைப்படி பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று எண்ணிடுவார். நம் ஊரில் மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் அதே ஒற்றை மாற்று வாக்கு முறைதான். அங்கே அதைப் பொதுமக்களே நேரடியாகச் செய்கிறார்கள். இதனால் ஒரே கட்சி ஒரு தொகுதியில் இரண்டு மூன்று பேரை நிறுத்துகிறது. அந்த மூவருக்கும் வாக்குகள் ஓரளவு சமமாகப் பிரிந்தால்தான் கட்சி கூடுதல் இடம் பெறும். ஒருவருக்கே எல்லாம் குவிந்தால் மற்றவர்கள் வாக்கு எண்ணிக்கையின் ஆரம்பச் சுற்றுகளிலேயே வெளியேறிவிடுவார்கள். எனவே கட்சிக்காரர்கள் தொகுதியையே வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்து, இந்தப் பக்கத்து ஊர்கள் இவருக்கு முதல் எண்ணும் அவருக்கு இரண்டாம் எண்ணும் தர வேண்டும், அந்தப் பக்கத்து ஊர்கள் மாற்றித் தர வேண்டும் என்று கேட்பார்கள்.

இதன் தடயம் தாளில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். இரண்டு துண்டறிக்கைகள். ஒரே அச்சகம், ஒரே தாள், ஒரே நீல மை. மேலே இரு வேட்பாளர்களின் அதே புகைப்படங்கள், நடுவில் அதே நான்கு வாக்குறுதிகள். அடிப்பகுதியில் மட்டும் ஒன்றில் இடப்பக்கத்து வேட்பாளருக்கு 1 என்றும் வலப்பக்கத்தவருக்கு 2 என்றும் இருக்கும். மற்றதில் எண்கள் இடம் மாறியிருக்கும். பழைய தாள் விற்பவர் இவற்றை ஒரே அறிக்கையின் இரு பிரதிகள் என்று நினைத்துச் சேர்த்தே கொடுத்துவிடுவார். ஆனால் இவை இரண்டும் வெவ்வேறு ஆவணங்கள். ஒவ்வொன்றும் எந்த ஊரில் விநியோகிக்கப்பட்டது என்பது தெரிந்தால், கட்சி தனக்குள் மட்டும் வைத்திருந்த கோட்டை நாம் வரைபடத்தில் திரும்ப வரைந்துவிடலாம். தெரியாவிட்டால் அவை வெறும் இரண்டு காகிதங்கள். இதனால்தான் ஒரு துண்டறிக்கையை எந்த ஊரில், யார் வீட்டிலிருந்து, எப்போது பெற்றோம் என்ற குறிப்பு அந்தத் தாளைவிட மதிப்புள்ளது என்று சொல்கிறேன். உங்கள் பரணில் கிடைத்தவற்றுக்கு அந்தக் குறிப்பு ஏற்கெனவே இருக்கிறது: அந்த வீட்டின் முகவரி. அதை இன்றே எழுதி வைத்துவிடுங்கள்.

காலக்கணிப்புக்கு வருவோம். துண்டறிக்கையைக் கையில் எடுத்ததும் தலைப்பைப் படிக்க வேண்டாம். அடி ஓரத்தைப் பாருங்கள். தேர்தல் பிரசுரங்களில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் முகவரிகள் இருக்க வேண்டும் என்று 1883ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டமே விதித்தது. இன்றைய குடியரசில் 1992ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டமும் அதையே சொல்கிறது. அச்சகத்தின் முகவரி மாறிய ஆண்டு, வேட்பாளரின் முகவர் யார் என்பது, தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கங்கள் என்பது ஆகிய மூன்றுமே பழைய ஊர் விவரப் புத்தகங்களோடு ஒப்பிட உதவும். அடுத்து வாக்குப்பதிவு நாள். பெரும்பாலான அறிக்கைகள் நாளையும் கிழமையையும் சொல்லி ஆண்டை விட்டுவிடும், ஏனென்றால் படித்தவருக்கு அது தேவைப்படவில்லை. கிழமையை வைத்து நாம் ஆண்டைப் பிடித்துவிடலாம். 1981 ஜூன் முதல் 1982 நவம்பர் வரை பதினெட்டு மாதங்களில் மூன்று பொதுத்தேர்தல்கள் நடந்தன. பல தொகுதிகளில் அதே வேட்பாளர்கள், பழைய புகைப்படங்களோடு மூன்று முறையும் வந்தார்கள். ஜூன் 11 வியாழன் என்றிருந்தால் முதலாவது, பிப்ரவரி 18 வியாழன் என்றால் இரண்டாவது, நவம்பர் 24 புதன் என்றால் மூன்றாவது. இந்த ஒரு வரி கிழிந்துபோயிருந்தால் வல்லுநர்களுக்கே திணறல்தான்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. 1965 தேர்தலுக்கு முன்புவரை வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே அச்சாகவில்லை. 1963ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகுதான் அது சேர்க்கப்பட்டது. எனவே அதற்கு முந்தைய துண்டறிக்கைகளுக்கு, தம் கட்சி வேட்பாளர்களின் பெயர்களை வாக்காளர் மனத்தில் பதியவைப்பதே தலையாய வேலை. மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றை அச்சிட்டு, அதில் தங்கள் ஆட்களின் பெயர்களுக்கு எதிரே மட்டும் 1, 2, 3 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். உங்களுடைய 1960களின் தாள்களில் இப்படிப்பட்ட மாதிரிச் சீட்டு இருந்தால், அதில் கட்சிப் பெயர் இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் 1965 அல்லது 1969. இல்லையென்றால் 1961 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். ஓய்வூதிய வாக்குறுதி ஷில்லிங்கில் இருந்தால் அது 1971 பிப்ரவரிக்கு முந்தையது, ஏனென்றால் அப்போதுதான் தசம நாணயம் வந்தது. யூரோவில் இருந்தால் இந்த நூற்றாண்டுத் தாள் என்று கொள்ளலாம். ஐரிஷ் மொழி வரிகள் மெய்யெழுத்துகளின் மேல் புள்ளியிட்ட பழைய எழுத்துருவில் இருந்தால், பொதுவாக 1960களின் நடுப்பகுதிக்கு முந்தையவை. ஆயினும் அழகுக்காகப் பிற்காலத்திலும் சிலர் அதைப் பயன்படுத்தியதுண்டு என்பதால் இதை மட்டும் நம்பி முடிவுகட்டக் கூடாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் காகிதத் தட்டுப்பாடு இருந்தது. 1943, 1944 தேர்தல்களின் தாள்கள் மெலிந்தும் கரடுமுரடாகவும் இருப்பதைத் தொட்டாலே உணரலாம்.

அஞ்சலில் வந்த தேர்தல் மடல்களைத் தனிவகையாக வையுங்கள். டாயில், ஐரோப்பிய நாடாளுமன்றம், குடியரசுத் தலைவர் ஆகிய தேர்தல்களில் நிற்கும் வேட்பாளர்களுக்கு ஒரு மடலைக் கட்டணமில்லாமல் தொகுதி முழுவதும் அஞ்சலில் அனுப்பும் உரிமை உண்டு. அதன் மேல் ‘தேர்தல் மடல்’ என்ற பொருள் தரும் ஐரிஷ் தொடர் அச்சிடப்பட்டிருக்கும். எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே வாய்ப்பு என்பதால், வாசல்வாசலாக ஏறி இறங்க ஆள்பலம் இல்லாத சிறு கட்சிகளும் சுயேச்சைகளும் தங்கள் மனத்தில் இருப்பதையெல்லாம் இதில்தான் கொட்டுவார்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே வேட்பாளரோ அவருடைய குடும்பத்தாரோ நடந்து கொடுத்த தாள்கள்தான். சில நூறு பிரதிகளே அச்சாகியிருக்கலாம். அரிதானவை என்றால் இவைதான் அரிதானவை.

மறைந்துபோன கட்சிகளின் தாள்களை விற்பனையாளர்கள் இப்போது அறிந்துவைத்திருக்கிறார்கள். 1948இல் பத்து இடங்களை வென்று ஆட்சி மாற்றத்துக்குத் துணைநின்ற க்ளன் ந பொப்லக்தா, 1985 இறுதியில் தொடங்கி 2009இல் கலைந்த முற்போக்கு ஜனநாயகர் கட்சி ஆகியவற்றுக்குத் தனிச் சேகரிப்பாளர்களே உண்டு. பின்னதன் 2002 சுவரொட்டி ஒன்று பெரும்புகழ் பெற்றது. ‘ஒரு கட்சி ஆட்சியா? வேண்டவே வேண்டாம்’ என்ற பொருள்கொண்ட அதைக் கட்சித் தலைவர்களுள் ஒருவரான மைக்கேல் மெக்டவல், ரேனலா பகுதியில் விளக்குக் கம்பத்தில் தாமே ஏறிக் கட்டியதைப் பத்திரிகைகள் படமெடுத்துப் போட்டன. சுவரொட்டியைவிட அந்தப் படமே வாக்கு வாங்கியது என்று பலர் சொல்வார்கள்.

பொது வாக்கெடுப்புத் தாள்களை விட்டுவிடாதீர்கள். அரசமைப்புச் சட்டத்தை மாற்ற மக்களின் ஒப்புதல் கட்டாயம் என்பதால் அயர்லாந்தில் அவை அடிக்கடி நடக்கின்றன. அவற்றில் கட்சிகளோடு, அந்தச் சில வாரங்களுக்காகவே பிறந்து மறையும் குழுக்களும் பிரசுரம் போடுகின்றன. குழு கலைந்ததும் தாள்களும் போய்விடும். 1995 நவம்பரில் மணமுறிவை அனுமதிக்கும் திருத்தம் 9,114 வாக்குகளில், அதாவது 50.28 விழுக்காட்டில், தப்பிப் பிழைத்தது. ‘மணமுறிவே வருக, அப்பா போய் வருக’ என்ற பொருளில் எதிர்த்தரப்பு ஒட்டிய சுவரொட்டியை அந்நாட்டில் ஒரு தலைமுறையே நினைவில் வைத்திருக்கிறது. 2015இன் ஒருபாலினத் திருமண வாக்கெடுப்பு, 2018இன் கருக்கலைப்பு வாக்கெடுப்பு ஆகியவற்றின் தாள்கள் இன்னும் எளிதாகவே கிடைக்கின்றன. இரு தரப்பினுடையதையும் சேருங்கள். உங்களுக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் சேர்ப்பது ஆல்பம். அது ஆவணத்தொகுப்பு ஆகாது.

இதற்குச் சிறந்த முன்மாதிரி வடக்கே பெல்ஃபாஸ்டில் இருக்கிறது. அங்குள்ள லினன் ஹால் நூலகத்தின் நூலகராக இருந்த ஜிம்மி விட்டியிடம், 1968இல் நகர மதுக்கடை ஒன்றில் யாரோ சிவில் உரிமை இயக்கத் துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் அதை எறியாமல் பத்திரப்படுத்தினார். அடுத்து வந்த பல பத்தாண்டு வன்முறைக் காலம் முழுவதும் அந்நூலகம் எல்லாத் தரப்பினரின் தாள்களையும் பாரபட்சமின்றி வாங்கி வைத்தது. இன்று வட அயர்லாந்து அரசியலுக்கு அதற்கு நிகரான தொகுப்பு கிடையாது. வட அயர்லாந்துச் சிறையில் குடியரசுவாதக் கைதிகள் நடத்திய 1981 உண்ணாவிரதப் போராட்டத்தின்போது எல்லையின் இருபுறமும் கைதிகள் வேட்பாளர்களாக நின்றார்கள். குடியரசில் கேவன்–மோனஹனில் கீரன் டாஹர்ட்டியும், லவுத்தில் பேடி அக்னியூவும் வென்றார்கள். டாஹர்ட்டி உறுப்பினராக இருந்தபடியே அந்த ஆகஸ்டில் உண்ணாவிரதத்தில் உயிர்நீத்தார். அவர்களுக்காக அச்சான தாள்களை 1917இன் லாங்ஃபோர்ட் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், சிறைக்கைதியை வேட்பாளராக்கும் உத்தி ஒரு மரபாகவே கைமாறி வந்திருப்பதைக் கண்டுகொள்வார்.

எங்கே வாங்குவது? டப்ளினின் வைட்ஸ், கில்கெனி மாவட்டம் கேசில்கோமரின் ஃபான்ஸி மீலி போன்ற ஏல நிலையங்களில் விடுதலைப் போராட்டக் காலத் தாள்கள் வருகின்றன. அவற்றின் பழைய பட்டியல்களைப் படிப்பதே ஒரு கல்வி. ஆனால் துண்டறிக்கைகளுக்குப் பழைய புத்தகச் சந்தைகளும், வீடு காலிசெய்யும்போது வெளிவரும் பெட்டிகளும், ஓய்வுபெற்ற கட்சித் தொண்டர்களும்தான் ஊற்றுக்கண். போலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், 1916–1918 காலத்துச் சுவரொட்டிகள் நூற்றாண்டு நினைவுக்காக ஏராளமாக மறுஅச்சு கண்டன. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்போது எழுத்துகளின் விளிம்பு முழுவதும் நுண்புள்ளிகளாகச் சிதறியிருந்தால் அது புகைப்பட மறுஅச்சு. ஈய எழுத்தைக் கோத்து அடித்த அசலில் எழுத்து தாளைச் சற்று அழுத்தியிருக்கும், பின்புறம் தடவினால் விரலுக்குத் தட்டும்.

இன்றைய சுவரொட்டிகள் வேண்டுமானால் கம்பத்திலிருந்து கழற்றிக்கொண்டு வரலாமே என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள், தேர்தல் நேரத்தில் அது குற்றம். சட்டப்படி அவை வாக்குப்பதிவுக்கு அதிகபட்சம் 30 நாட்களுக்கு முன்பே ஏறலாம், முடிந்த 7 நாட்களுக்குள் இறங்கிவிட வேண்டும், தவறினால் 150 யூரோ அபராதம். ஆகவே அந்த ஒரு வாரத்தில் வேட்பாளரின் ஆட்கள் வண்டியில் ஏணியோடு சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஒன்று கொடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு தருவார்கள், தோற்றவர்கள் இன்னும் தாராளமாகத் தருவார்கள். வென்றவர்கள் தயங்குவதற்குக் காரணம் சிக்கனம்தான்: அடுத்த தேர்தலில் அதே நெளி பிளாஸ்டிக் பலகையின்மேல் புதிய வாசகத்தை ஒட்டி மீண்டும் கட்டுவார்கள். அப்படி ஒட்டுக்குமேல் ஒட்டுப் போட்ட பலகை கிடைத்தால் உரிக்க வேண்டாம். அதன் மதிப்பே அந்த அடுக்குகளில்தான் இருக்கிறது.

பாதுகாப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் வேலையாகத் தாள்களைப் பரணிலிருந்து இறக்குங்கள். கோடையில் வெப்பமும் குளிர்காலத்தில் ஈரமும் மாறிமாறித் தாக்கும் இடம் அது. மலிவான மரக்கூழ்த் தாள் தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும். அமிலமற்ற தாளுறைகளிலோ பாலியெஸ்டர் உறைகளிலோ ஒவ்வொன்றையும் தனியாக வையுங்கள். கடைகளில் கிடைக்கும் பிவிசி உறை கூடவே கூடாது. அது காலப்போக்கில் கசிந்து மையைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். துருப்பிடித்த கம்பிப் பின்களை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிடலாம். கிழிசலுக்கு ஒட்டுநாடா போடுவதும் லேமினேஷன் செய்வதும் மருத்துவம் அல்ல, கொலை. மடிப்புகளை இஸ்திரி போட்டு நேராக்க நினைக்காதீர்கள். கனமான அட்டைகளுக்கு நடுவே சில வாரங்கள் வைத்தால் போதும். குறிப்புகளைத் தாளின்மீது எழுதாமல் உறையின்மீது பென்சிலால் எழுதுங்கள். பிளாஸ்டிக் பலகைகளுக்கு எதிரி வெயில் மட்டும்தான். சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும்.

ஓர் எச்சரிக்கை. பழைய தேர்தல் காகிதக் கட்டுகளில் சில நேரம் துண்டறிக்கைகளோடு, தொண்டர்கள் வீடுவீடாகச் சென்றபோது குறித்த வாக்காளர் பட்டியல்களும் சிக்கும். யார் நம்மவர், யார் எதிரி, யார் சந்தேகம் என்று பெயருக்குப் பெயர் அடையாளமிட்டிருப்பார்கள். வரலாற்றுக்கு அது பொன். ஆனால் அந்தக் குடும்பங்கள் இன்னும் அதே தெருவில் இருக்கலாம். அதைப் படமெடுத்து எங்கும் வெளியிடாமல் ஆவணக்காப்பகத்தாரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆவணக்காப்பகத்தில் ஃபியனா ஃபால், ஃபினே கேல் ஆகிய இரு கட்சிகளின் ஆவணங்களும் இருக்கின்றன. அங்குள்ளவர்கள் இத்தகைய தாள்களைக் கையாண்டு பழகியவர்கள்.

இப்போதைக்கு உங்கள் பரண் தாள்களை வாக்குப்பதிவு நாளின்படி அடுக்கி, மாதிரி வாக்குச்சீட்டுகளில் உள்ள 1, 2, 3 எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். இரட்டைப் பிரதிகள் என்று தோன்றுபவற்றை அந்த ஒப்பீடு முடியும்வரை யாருக்கும் கொடுக்காதீர்கள். முடிந்த பிறகும் உண்மையிலேயே இரட்டை என்று உறுதியானால், மாவட்ட நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவுக்கு ஒன்றைக் கொடுங்கள். வீட்டு முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள்.